காற்றுக் கறுப்பும் ஹிஸ்டீரியாவும்: வழமை கடந்த நிகழ்வுகளை ஆராயும் சொற்கள்

கூலிம் வட்டாரப் பள்ளி ஒன்றில் கலைச்சொல்லாக்கம் பற்றி உரையாற்றச் சென்றிருந்தேன். உரை முடிந்து நன்றியுரை தொடங்குமுன் ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் எழுந்து நின்றார். "ஐயா, என் அக்கா தொழிற்சாலையில் இரவு ஷிப்டு வேலை செய்கிறார். ஒருநாள் அங்கே திடீரென்று அலறி மயங்கி விழுந்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இருவர் விழுந்தார்கள். காற்றுக் கறுப்பு பட்டுவிட்டது என்று பாட்டி சொன்னார். வேலையிடத்தில் ஹிஸ்டீரியா என்று எழுதிக்கொண்டார்கள். கிளினிக்கில் மன அழுத்தம் என்றார்கள். தமிழில் இதற்குச் சரியான சொல் எது?"

அகராதிகளைப் பார்த்துச் சொல்கிறேன் என்று அன்று தப்பித்துக்கொண்டேன். பிறகு எண்ணிப் பார்க்கையில், வினா அகராதியோடு நிற்பதன்று என்பது புலனாயிற்று. பாட்டியின் சொல்லை ஏற்றால் மறுநாள் முனீஸ்வரர் கோயிலில் திருநீறு இட்டுக்கொள்ள வேண்டும். வேலையிடத்தின் சொல்லை ஏற்றால் அது அப்பெண்ணின் பணிக்கோப்பில் நிலைத்துவிடும். கிளினிக்கின் சொல்லை ஏற்றால் இரண்டு நாள் விடுப்பு. நடந்த நிகழ்ச்சி ஒன்றே; அதற்கு இடப்பட்ட பெயர் எதுவோ அதற்கேற்பவே அப்பெண்ணை நடத்துவார்கள். ஆகவே இத்தகைய நிகழ்வுகளைப் பேசும் சொற்களை, பாட்டியின் சொற்கள் முதல் ஆய்வாளரின் சொற்கள் வரை, ஒருமுறை எடுத்து வைத்துப் பார்ப்பது பயனுடையது.

கூலிம் ஹைடெக் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பத் தொழிற்பூங்கா அது. அதனைச் சூழ்ந்த லூனாஸ், பாடாங் செராய் பகுதிகளோ நெடுங்காலம் தோட்டங்களின் நிலமாக இருந்தவை. இருள் பிரியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டப் போன தலைமுறையின் பேத்திமார் இன்று தலைமுதல் கால்வரை வெள்ளுடை பூண்டு, தூய்மை அறைக்குள் சிலிக்கான் வில்லைகளைக் கையாள்கின்றனர். லயத்து வீட்டுச் சொற்களும் அவர்களோடு தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி வந்துவிட்டன. அங்கே மலாய்மொழியின் 'ஹந்து', 'ராசுக்', 'பொமோ' ஆகியவையும், ஆங்கில வழி வந்த 'ஹிஸ்டீரியா'வும் அவற்றோடு கலந்தன. இரவு ஷிப்டின் உணவு மேசையில் இவை அனைத்தும் ஒரே வாக்கியத்தில் புழங்குவதைக் கேட்கலாம்.

துறையின் பெயர்

முதலில் துறையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'பாராநார்மல்' என்பதைத் தமிழ் இதழ்கள் பெரும்பாலும் 'அமானுஷ்யம்' என்று எழுதுகின்றன. அமானுஷ்யம் என்றால் மானுடத்தன்மை அற்றது. இச்சொல்லைத் தலைப்பில் இட்டவுடனேயே, நிகழ்ச்சியைச் செய்தவர் மனிதர் அல்லர் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஆராய்வதற்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. 'சூப்பர்நேச்சுரல்' என்பதற்குரிய 'மீவியற்கை' வேறு பொருளது. அது இயற்கைக்கே மேற்பட்டதைச் சுட்டும். அளவுகோல் அங்குச் செல்லாது. பாராநார்மல் என்பதோ, நாம் வழக்கமாக அறிந்த விளக்கங்களுக்குள் அடங்காதது என்ற அளவில் நிற்கிறது. இன்று அடங்காதது நாளை அடங்கலாம், அல்லது ஆராய்ந்தால் இன்றே அடங்கலாம். ஆதலால் 'வழமை கடந்த' என்னும் தொடரை இவ்வுரையில் ஆள்கிறேன்.

இத்துறை முறையாகத் தொடங்கியது 1882இல் இலண்டனில் நிறுவப்பட்ட உளநிகழ்வு ஆராய்ச்சிக் கழகத்தோடு எனலாம். 'டெலிபதி' என்னும் சொல்லை அவ்வாண்டிலேயே அக்கழகத்தைச் சேர்ந்த பிரெடெரிக் மையர்ஸ் ஆக்கினார். தொலைவு, உணர்வு என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. 1889இல் செர்மானியரான மேக்ஸ் டெசுவார் 'பாராசைக்காலஜி' என்று பெயரிட்டார். 1930களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் என்பவர் இதனை ஆய்வுக்கூடத்திற்குள் கொண்டுவந்தார். ஐந்து வகைக் குறிகள், வகைக்கு ஐந்தாக 25 சீட்டுகள். பார்க்காமலே குறியைச் சொல்ல வேண்டும். வெறும் ஊகத்தாலேயே சராசரியாக ஐந்து சரியாக அமையும். அதற்கு மேல் தொடர்ந்து அமைந்தால் மட்டுமே பேசப் பொருளுண்டு. ரைன் கண்டதாகச் சொன்ன மிகுதியைப் பிறர் கடுமையான கட்டுப்பாடுகளுடன் செய்தபோது உறுதியாகப் பெற இயலவில்லை. எனினும் சோதனையின் வடிவம் மாணவர்க்கு நல்ல பாடம். தற்செயல் எவ்வளவு என்பதை முதலில் கணக்கிட்டுக்கொண்ட பின்னரே வியப்படைய வேண்டும் என்பதை இதைவிட எளிதாக வகுப்பில் காட்டிவிட முடியாது.

இந்தச் சொல் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது 1942இல் நிகழ்ந்த ஒரு சிறு செயல். பிரித்தானிய உளவியலாளர் ராபர்ட் தவுலெஸ், தம் உடனாய்வாளர் வீஸ்னர் பரிந்துரைத்த 'சை' என்னும் கிரேக்க எழுத்தைப் பொதுப்பெயராக முன்மொழிந்தார். டெலிபதி என்றால் மனத்திலிருந்து மனத்திற்கு ஏதோ செல்கிறது என்று பொருள்பட்டுவிடுகிறது. அப்படிச் செல்கிறதா என்பதுதானே கேள்வி? எனவே இயற்கணிதத்தில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று பெயரிடுவதுபோல், காரணம் எதனையும் கூறாத ஓர் எழுத்தைத் தேர்ந்தனர். அத்துறையின் முடிவுகளை ஏற்காதவரும் இச்சொல்லாக்கத்தின் நேர்மையைப் பாராட்டலாம்.

இதிலிருந்து நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நிகழ்ந்ததை மட்டும் சொல்லும் சொல்லை நிகழ்வுச்சொல் என்போம். நிகழ்ந்ததோடு அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும் சொல்லைக் காரணச்சொல் என்போம். 'மயங்கி விழுந்தார்' நிகழ்வுச்சொல். 'பேய் பிடித்தது' காரணச்சொல். இவற்றை வேறுபடுத்துவது எளிது. காரணச்சொல் ஒன்று நிகழ்வுச்சொல்லின் உடையில் வரும்போதுதான் தொல்லை. ஹிஸ்டீரியா அத்தகையது, அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

பாட்டியின் சொற்கள்

பேய் என்னும் சொல்லோடு தொடங்குவோம். பேம், நாம், உரும் ஆகிய மூன்றும் அச்சப்பொருள் தருவன என்று தொல்காப்பியம் உரியியலில் கூறுகிறது. பேய் இந்தப் பேம் என்பதோடு உறவுடையது என்று கருதினால், சொல் முதலில் சுட்டியது வெளியே நிற்கும் ஓர் உருவை அன்று, காண்பவர் உள்ளத்து அச்சத்தை என்றாகிறது. நம் பேச்சில் அது அடைமொழியாகவும் வரும். பேய்மழை, பேய்க்காற்று என்றால் அளவு கடந்தது. பேய்க்கரும்பு, பேய்ச்சுரை என்றால் உண்ண ஆகாதது, காட்டு வகை. ஆவி என்னும் சொல் மூச்சு, நீராவி, உயிர் என்று விரிவது. இலத்தீன் மொழியின் 'ஸ்பிரிட்டஸ்' சொல்லும் மூச்சிலிருந்தே புறப்பட்டது. பிசாசு வடமொழி வரவு. பூதமோ ஐம்பூதங்களிலும் உண்டு, புகார் நகரத்துச் சதுக்கத்தில் நின்று பொய்யரைத் தண்டித்த காவற்பூதமாகவும் உண்டு.

பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களே நமக்கு இங்குப் பயன்படுவன. காற்றுக் கறுப்பு 'படும்'. பேய் 'அறையும்', முனி 'அடிக்கும்', ஆவி 'அண்டும்', பேய் 'பிடிக்கும்', சாமி 'ஏறும்'. இவை ஒன்றுக்கொன்று மாற்றி வழங்கப்படுவன அல்ல. காற்றுக் கறுப்பு பட்டது என்றால் உடல் சோர்வு, காய்ச்சல், திகைப்பு என்ற அளவில் வந்து போகக்கூடியது. பேயறைந்தாற்போல் என்றால் முகம் வெளிறிப் பேச்சற்று நிற்றல். பிடித்தது என்றால் நாள்பட நீடிக்கும் நடத்தை மாற்றம். தோட்டத்துப் பாட்டிமார் எந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்று கேட்டு நாம் முகம் சுளிக்கிறோம். எந்த வினையைச் சொல்கிறார்கள் என்று கேட்பதில்லை. காரணச்சொல்லுக்குள்ளேயே நோயின் கடுமையை அளக்கும் ஒரு நிகழ்வுச்சொல் பொதிந்து கிடக்கிறது. அம்மாணவியின் பாட்டி 'பிடித்தது' என்று சொல்லவில்லை, 'பட்டுவிட்டது' என்றார் என்பதை இங்கு நினைவில் கொள்க. வந்தது, போய்விடும் என்பதே அவர் கணிப்பு.

இதைவிட நுட்பமானது அருளுக்கும் பேய்க்கும் நாம் வைத்திருக்கும் வேறுபாடு. தைப்பூசத்தன்று சுங்கைப் பட்டாணி சுப்பிரமணியர் கோயிலில் காவடி எடுப்பவர் தன்னிலை மறந்து ஆடுகிறார். அதை அருள் வந்தது என்கிறோம். அதே நடுக்கம், அதே கண்ணிலை வகுப்பறையில் ஒரு சிறுமிக்கு நேர்ந்தால் பேய் பிடித்தது என்கிறோம். ஆங்கிலத்தில் 'பொசெஷன்' என்னும் ஒரு சொல் இரண்டையும் விழுங்கிவிடுகிறது. ஆய்வாளர் 'ட்ரான்ஸ்' என்று உடல்நிலையை மட்டும் குறிப்பதுண்டு. அதனைத் தன்மறதி நிலை என்னலாம். வியப்புக்குரியது என்னவென்றால், மருத்துவமும் நம் பேச்சுவழக்கு நின்ற இடத்திலேயே வந்து நின்றிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பத்தாம் பதிப்பு, தன்மறதி நிலையையும் ஆவியேற்ற நிலையையும் நோயாகக் கொள்வதற்கு ஒரு நிபந்தனை இடுகிறது. அந்நிலை விருப்பமின்றி நேர்ந்ததாக இருக்க வேண்டும். சமயத்தாலோ பண்பாட்டாலோ ஏற்கப்பட்ட சூழலுக்கு வெளியே நிகழ்ந்திருக்க வேண்டும். காவடி ஆடுபவர் நோயாளி அல்லர். விருப்பமின்றி வகுப்பறையில் விழும் சிறுமிக்கு உதவி தேவை.

பெயர் தவறாக இடப்பட்டால் என்ன நேரும் என்பதைச் சங்கப் புலவர் நன்கறிந்திருந்தனர். தலைவி உணவு மறுத்து மெலிகிறாள். தாய் அஞ்சிக் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். வேலன் வருகிறான், முருகு அணங்கியது என்கிறான், வெறியாட்டு நிகழ்கிறது, ஆட்டுக்குட்டி பலியாகிறது. உண்மைக் காரணம் மலைநாட்டுத் தலைவன் மேல் கொண்ட காதல். அது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும், படிக்கும் நமக்கும் தெரியும். வேலனை எள்ளி நகையாடுவதோடு இப்பாடல்கள் நின்றுவிடவில்லை. ஒரு பெண் தன் வாயால் சொல்ல முடியாத ஒன்று உடல்வழியே வெளிப்படும்போது, சுற்றியிருப்போர் தமக்குப் பழக்கமான பெயரை அதன்மேல் சாத்திவிடுகின்றனர் என்பதைக் காட்டுகின்றன. குறிஞ்சித்திணை நடத்தும் ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு இந்தக் கோணத்தில் காட்டிப் பார்க்கலாம்.

தொழிற்சாலையின் சொல்

வேலனின் ஆட்டுக்குட்டி மலேசியத் தொழிற்சாலை வரலாற்றிலும் வருகிறது. பினாங்கில் பிறந்த மானிடவியலாளர் ஐஹ்வா ஓங், 1970களின் இறுதியில் சிலாங்கூர் கோலாலங்காட் பகுதியில் தங்கி, மின்னணுத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த இளம் மலாய்ப் பெண்களை ஆராய்ந்தார். அவரது நூல் 1987இல் வெளிவந்தது. அவர் தொகுத்த செய்திகளில் ஒன்று: 1978இல் சுங்கைவேயில் இருந்த ஒரு தொழிற்சாலையின் நுண்ணோக்கிப் பிரிவுகளில் ஏறத்தாழ 120 ஆப்பரேட்டர்கள் அலறியும் மயங்கியும் விழுந்தனர். தொழிற்சாலை மூன்று நாள் மூடப்பட்டது. பொமோ வரவழைக்கப்பட்டு வளாகத்திலேயே ஓர் ஆடு பலியிடப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் பினாங்கிலும் ஒரு தொழிற்சாலையில் 15 பெண்களுக்குத் தொடர்ந்து மூன்று நாள் இது நேர்ந்தது. நுண்ணோக்கிக்குள்ளேயே ஓர் உருவைக் கண்டதாகச் சொன்னவரும் உண்டு.

ஓங் அவர்கள் எழுப்பிய வினா, பேய் உண்டா இல்லையா என்பதன்று. கிராமத்திலிருந்து வந்து, மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் கண்பதித்து, மேற்பார்வையாளரிடம் ஒப்புதல் பெற்றே கழிவறைக்கும் செல்ல வேண்டிய பெண்களுக்கு எதிர்ப்பைச் சொல்ல வேறு என்ன மொழி இருந்தது என்பதே அவர் வினா. நிருவாகத்திற்கோ 'ஹிஸ்டீரியா' என்னும் சொல் ஆயத்தமாக இருந்தது. அச்சொல் நிகழ்ச்சியைப் பணியிடத்திலிருந்து பெயர்த்து, பெண்ணின் உடலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. பிறகு வேலியம் மருந்து போதுமானதாயிற்று. வேலைநேரத்தையும் இருக்கையையும் வெளிச்சத்தையும் பற்றிப் பேச வேண்டியதில்லை.

ஹிஸ்டீரியா கிரேக்கத்தில் கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. பெண்ணின் கருப்பையே அவளது கலக்கத்திற்குக் காரணம் என்ற பழங்காலக் கருத்து அப்பெயருக்குள் இன்றும் உறைகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் அதனைத் தனி நோய்வகையாக வைப்பதைக் கைவிட்டது. மருத்துவர்கள் கைவிட்ட சொல்லை நம் நாளிதழ்களும் பள்ளி அறிக்கைகளும் இன்னும் கைவிடவில்லை. பேய் என்று எழுதினால் அறியாமை, ஹிஸ்டீரியா என்று எழுதினால் அறிவியல் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இரண்டும் காரணச்சொற்களே. பாட்டியின் சொல்லிலாவது குற்றம் காற்றின்மேல் விழுகிறது; மற்றதில் அப்பெண்ணின் மேல் விழுகிறது.

இன்றைய ஆய்வாளர் வழங்கும் சொல் 'மாஸ் சைக்கோஜெனிக் இல்னஸ்'. இதனைக் கூட்டு உளவழி நோய் என்று தமிழாக்கலாம். நெருக்கமும் கண்காணிப்பும் மிகுந்த குழுவில், ஒருவருக்கு நேர்ந்ததைக் கண்டும் கேட்டும் மற்றவருக்கும் அதே அறிகுறிகள் தோன்றுவதும், விரைவில் தணிவதும் இதன் இயல்பு. ஆசிரியர்கள் இங்கு ஒன்றைத் தெளிவுறுத்த வேண்டும். உளவழி என்பது நடிப்பு அன்று. மூச்சுத்திணறல் மெய், தலைச்சுற்றல் மெய், வலி மெய்; உறுப்புக்கேடு மட்டுமே இல்லை.

இச்சொல்லையும் அவசரப்பட்டு எடுத்தாளக் கூடாது. 2019 மார்ச்சில் ஜொகூர் மாநிலம் பாசிர் கூடாங்கில் மாணவர்கள் மூச்சுத்திணறியும் வாந்தியெடுத்தும் விழுந்தபோது, காரணம் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவு. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. பலர் ஒரே நேரத்தில் மயங்கி விழும் காட்சி மட்டும் எதையும் மெய்ப்பிப்பதில்லை. முதலில் காற்றை அளக்க வேண்டும், பிறகு நீரை, உணவை. இவை அனைத்தும் தூய்மை என்று தெளிந்த பின்னரே உளவழி என்று எழுத உரிமை உண்டு. தொழிற்பூங்காவை அடுத்து வாழும் நமக்கு இந்த வரிசை உயிர்காக்கும் வரிசை.

காட்சியின் பிழைகள்

மயக்கத்தை விட்டுத் தோற்றத்திற்கு வருவோம். 'வெள்ளையாக ஓர் உருவம் கடந்து போயிற்று' என்கிறார் ஒருவர். ஆய்வாளர் இதனைப் பிரித்தறியப் பல சொற்கள் வைத்துள்ளனர். பொருள் ஒன்று இருக்க அதை வேறொன்றாகக் காண்பது 'இல்யூஷன்'. எதுவுமே இல்லாத இடத்தில் காண்பது 'ஹாலுசினேஷன்'. கறையிலும் மேகத்திலும் முகம் தெரிவது 'பாரெய்டோலியா'. இவற்றுக்கெல்லாம் சொல் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. கயிற்றைப் பாம்பெனக் காணும் கயிற்றரவு முதல்வகைக்கு நெடுங்காலமாக வழங்கும் எடுத்துக்காட்டு. பிரிந்தவரின் உருவம் கண்முன் வந்து நிற்பதை இலக்கியம் உருவெளித்தோற்றம் என்கிறது. இரண்டாம் வகைக்கு இதைவிட அழகிய சொல் எங்கும் கிடையாது. மூன்றாவதை முகமயக்கம் எனலாம்.

இன்னும் ஒருபடி மேலே செல்கிறது மணிமேகலை. அதன் 27ஆம் காதையில், அறிவைத் தரும் அளவைகளை விளக்கிய பின் அவற்றில் நேரும் போலிகள் எட்டு என்று வகுக்கப்படுகின்றன. அவற்றுள் மூன்று நமக்கு உடனே உதவுவன. தொலைவில் நிற்பது கட்டையா மனிதனா என்று துணிய இயலாமை ஐயம். சிப்பியை வெள்ளி என்று மாறாகக் கொள்ளுதல் திரியக்கோடல். ஆராயாமலே கட்டையை மனிதன் என்று முடிவுகட்டிவிடுதல் தேராது தெளிதல். ஐயம் குற்றமற்ற நிலை என்று அந்நூல் சொல்லவில்லை, ஆனால் ஐயத்திலிருந்து தேராத் தெளிவுக்குத் தாவுவது வேறு ஒரு குற்றம் என்று பிரித்து வைத்தது பெரிய நுட்பம். இன்றைய பேய்வேட்டைக் காணொலிகளில் பெரும்பாலானவை அந்தத் தாவலை முதல் இரண்டு நிமிடங்களிலேயே முடித்துவிடுகின்றன.

தூய்மை அறையை எண்ணிப் பாருங்கள். அனைவரும் ஒரே வெள்ளுடை. கண்கள் மட்டும் தெரியும். சில பிரிவுகளில் விளக்கொளி மஞ்சள். காற்றை வடிகட்டும் விசிறிகளின் ஓயாத முழக்கம். நேரம் அதிகாலை மூன்று. விழித்திருக்கும்போதே நொடிப்பொழுது உறங்கிவிடும் நிலை இரவுப்பணியாளர் பலரும் அறிந்தது. இங்கே ஓர் உருவெளித்தோற்றம் எழாவிட்டால்தான் வியப்பு. உறங்கப்போன பின்னும் தொல்லை தொடரலாம். கண் விழித்துவிட்டது, உடல் அசையவில்லை, மார்பின்மேல் ஏதோ ஏறி அமர்ந்திருக்கிறது. 'பேய் அமுக்கிவிட்டது' என்று நாம் சொல்வதை மருத்துவம் உறக்க முடக்கம் என்கிறது. கனவு காணும் உறக்கத்தில் தசைகள் இயல்பாகவே செயலற்றிருக்கும். அந்தக் கட்டு அவிழுமுன் மூளை விழித்துக்கொண்டால் இவ்வாறாகும். உறக்கநேரம் குலைவோர்க்கு இது மிகுதி. ஷிப்டு மாறிமாறி வேலை செய்வோரிடம் இதனைச் சொல்லிவிட்டாலே பாதி அச்சம் தணியும்.

விசிறி என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்துப் பொறியாளர் விக் டேண்டி ஓர் ஆய்வுக்கூடத்தில் இரவில் தனித்திருந்தபோது குளிர்வியர்வையும் திகிலும் கொண்டார். கடைக்கண்ணில் சாம்பல்நிற உருவம் ஒன்று தோன்றித் திரும்பியதும் மறைந்தது. வாள்வீச்சுப் பயிற்சியாளரான அவர் மறுநாள் தம் வாளலகைப் பிடிகருவியில் பொருத்தியபோது அது தானே அதிர்வதைக் கண்டார். புதிதாகப் பொருத்திய வெளியேற்று விசிறி ஏறத்தாழ 19 ஹெர்ட்சில், காது கேட்கவியலாத குற்றொலியை எழுப்பியவாறு இருந்தது. விசிறியைத் திருத்தியதும் உருவம் வரவில்லை. இதனை 1998இல் அவர் கட்டுரையாக்கினார். கதை அவ்வளவு அழகாக இருப்பதாலேயே பலர் அங்கேயே நிறுத்திவிடுகின்றனர். இலண்டனில் கிறிஸ் பிரெஞ்சு குழுவினர் ஓர் அறையில் குற்றொலியையும் மின்காந்தப் புலத்தையும் இரகசியமாக இயக்கியும் நிறுத்தியும் சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். உள்ளே இருந்தவர் பலர் விந்தை உணர்வுகளைக் கூறினர். ஆனால் கருவி இயங்கியதற்கும் அவ்வுணர்வுகளுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஏதேனும் நேரலாம் என்று முன்னரே சொல்லப்பட்டதே போதுமானதாக இருந்தது போலும். குற்றொலி என்பதும் தேராது தெளியப்பட்டால் ஒரு நவீனப் பேய்தான்.

பேய்வேட்டைக் கருவிகளைப் பற்றி மிகச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும். மின்காந்த அளவி மின்கம்பியைக் கண்டுபிடிக்கும். தொழிற்சாலையில் அது எங்கும் ஒலிக்கும். புகைப்படத்தில் தெரியும் 'ஆர்ப்' என்னும் ஒளிவட்டம் ஒளிவிளக்குக்கு அருகே பறக்கும் தூசி. விடுதி மாணவர் விளையாடும் நாணய ஆவி விளையாட்டில் நாணயத்தை நகர்த்துவது விளையாடுவோரின் விரல்களே, அவர்கள் அறியாமல். 1853இலேயே மைக்கேல் பாரடே, ஆவி மேசைகளைச் சுற்றியிருந்தோர் கைகளின் அழுத்தத்தை அளந்து இதனை நிறுவிவிட்டார்.

தமிழர் நடுவே இத்தகைய ஆய்வைத் தொழிலாகவே மேற்கொண்டவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து, இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கற்பித்த தாவரவியல் ஆசிரியர். கல் விழும் வீடுகள், தானே தீப்பற்றும் துணிகள் என்று அழைப்பு வந்த இடங்களுக்கெல்லாம் சென்றார். இவ்வகை நிகழ்வை செர்மானியச் சொல்லால் 'பொல்டர்கைஸ்ட்' என்பர். ஓசையிடும் ஆவி என்று பொருள். நம் ஊரில் குட்டிச்சாத்தான் ஏவல் என்பர். கோவூர் இரு பெயரையும் வாசலில் விட்டுவிட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன மனக்குறை என்று கேட்கத் தொடங்குவார். பல வீடுகளில் மனம் நொந்த ஒரு மனிதக் கையே கல்லுக்குப் பின்னால் இருந்தது. அத்தகையவரைக் காட்டிக்கொடுத்துத் தண்டிப்பதைவிட, அவர் குறையைத் தீர்க்க வழிகாண்பதே அவருக்கு முதன்மையாயிற்று. ஏமாற்றுக்கு இடமில்லாச் சூழலில் அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் மறையும்வரை அப்பணம் அவரிடமே இருந்தது. அவர் ஆய்ந்த நிகழ்வொன்று 1973இல் 'மறுபிறவி' என்னும் தமிழ்ப் படத்திற்கும் கருவாயிற்று.

அம்மாணவிக்குக் கடன்பட்ட விடையைச் சில வாரங்கள் கழித்து ஆசிரியர் வழியே எழுதி அனுப்பினேன். ஒற்றைச்சொல் தரவில்லை. ஒரு தாளில் இரண்டு பத்தி பிரித்து, இடப்பக்கம் நிகழ்வுச்சொற்களை மட்டும் எழுதும்படியும், வலப்பக்கம் யார் யார் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை அவரவர் பெயரோடு எழுதும்படியும், அக்காவின் வாயாலேயே கேட்டு எழுதும்படியும் கூறினேன். பாட்டியின் சொல்லும் வலப்பக்கத்தில் மரியாதையோடு இடம்பெற வேண்டும் என்று சேர்த்திருந்தேன்.

தாள் திரும்பி வந்தது. வலப்பக்கத்தில் ஐந்து வரி. இடப்பக்கம் பின்புறமும் நீண்டிருந்தது: தொடர்ந்து ஆறாவது இரவு, மூன்றரை மணி, இரவுணவு உண்ணவில்லை, முந்தைய நாள் பகலில் மூன்று மணிநேரமே உறக்கம், விழுமுன் விரல் நுனிகள் மரத்தன, மூச்சு வேகமாக வந்தது, இருவரும் விழுந்தது அவரைத் தூக்க ஓடிவந்தபோது, அன்று காற்றைச் சோதித்தார்களா, தெரியாது. கடைசி வரியின் கீழ் வேறொரு கையெழுத்தில், அக்காவின் கையெழுத்தாக இருக்கலாம், ஒரு வினா இருந்தது: இதை மலாயில் எழுதி மருத்துவரிடம் கொடுக்கலாமா?